மூளைக் கட்டி செல்களின் ஏற்பிகளும் கீமோவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயாப்சி ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு குடும்பத்தினர் கேட்பதும், புற்றுநோய் உயிரியல் படிக்கும் மாணவர்கள் கேட்பதும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: செல்லின் மேலிருக்கும் ஏற்பிக்கும் (ரிசப்டர்), கீமோ மருந்து வேலை செய்வதற்கும் என்ன சம்பந்தம்? திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்திருக்கிறேன். பேச்சு முழுக்கப் பெரியவர்களுக்கு வரும் கிளியோபிளாஸ்டோமா பற்றியது. மற்ற மூளைக் கட்டிகளுக்கு இதை அப்படியே பொருத்த வேண்டாம். யாருக்கு என்ன சிகிச்சை என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல முடியும்.

கிளியோபிளாஸ்டோமான்னா என்ன? ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டா போச்சு இல்லையா?

அப்படி முடிந்துவிடுவதில்லை. மூளையிலேயே தொடங்கும் வீரியமான கட்டிகளில் பெரியவர்களுக்கு அதிகம் வருவது இதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் தர வரிசையில் இதற்கு 4, அதாவது உச்சம். ஸ்கேனில் தெரியும் கட்டி முழுவதையும் எடுத்தாலும், அதைச் சுற்றியுள்ள நல்ல மூளைத் திசுவுக்குள் செல்கள் ஏற்கெனவே ஊடுருவியிருக்கும். அவற்றைத் துரத்திப் பிடிக்க ரேடியேஷனும் கீமோவும் தேவை.

இன்றும் அடிப்படையாக இருக்கும் சிகிச்சை முறை 2005-இல் வெளியான ஓர் ஆய்வில் இருந்து வந்தது. 573 நோயாளிகளில் பாதிப் பேருக்கு ரேடியேஷன் மட்டும், மீதிப் பேருக்கு ரேடியேஷனோடு டெமோசோலோமைடு மாத்திரையும் கொடுத்தார்கள். இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டும் காலம்) 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமானது. கேட்கச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் இரண்டு ஆண்டு தாண்டியவர்கள் 10.4 சதவீதத்திலிருந்து 26.5 சதவீதமாக உயர்ந்தார்கள். யார் அந்த 26.5-க்குள் வருகிறார்கள் என்பதைத் தேடப் போனதில்தான் கீழே வரும் விஷயங்களில் பாதி தெரியவந்தது.

வளர்ச்சிக் காரணி, ஏற்பி இதெல்லாம் என்ன சார்?

செல் தானாக நினைத்த நேரத்தில் பெருகக் கூடாது. வெளியிலிருந்து சமிக்ஞை வர வேண்டும். அந்தச் சமிக்ஞையைக் கொண்டு வரும் புரதம் வளர்ச்சிக் காரணி. அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஸ்டான்லி கோஹன் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் பிறந்த எலிக்குட்டிகளுக்குச் செலுத்தியபோது, அவை வழக்கமான நாளுக்கு முன்பே கண் திறந்தன. தோல் செல்களைத் தூண்டிவிட்ட அந்தப் பொருள்தான் ஈஜிஎஃப். இந்தத் துறைக்காக 1986-இல் கோஹனுக்கும் ரீட்டா லெவி-மொண்டால்சினிக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஈஜிஎஃப்பைப் பிடிக்கும் ஏற்பி ஈஜிஎஃப்ஆர். அதன் ஒரு பகுதி செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், இன்னொரு பகுதி உள்ளே இருக்கும். வெளியே காரணி வந்து ஒட்டியதும் இரண்டு ஏற்பிகள் ஜோடி சேர்ந்து, உள்பகுதியில் ஒன்றுக்கொன்று பாஸ்பேட் ஏற்றிக்கொள்கின்றன. அங்கிருந்து கிளம்பும் பாதைகளில் இரண்டை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ராஸ் வழி செல்லைப் பெருகச் சொல்கிறது. பிஐ3கே–ஏகேடி வழி சாகாதே என்கிறது. கீமோ பற்றிய கதை இந்த இரண்டாவது வழியில்தான் அதிகம் நடக்கிறது.

ரிப்போர்ட்ல ஈஜிஎஃப்ஆர் ஆம்ப்ளிஃபைடுன்னு போட்டிருக்கு. ரொம்ப மோசமா?

7-ஆம் குரோமோசோமில் இருக்கும் ஈஜிஎஃப்ஆர் மரபணு, இரண்டு பிரதிகளுக்குப் பதில் பல பத்துப் பிரதிகளாகப் பெருகியிருக்கிறது என்று அர்த்தம். கிளியோபிளாஸ்டோமாக்களில் ஏறக்குறைய 40 முதல் 50 சதவீதத்தில் இது உண்டு. 1985-இலிருந்தே தெரிந்த விஷயம். இந்தக் கூடுதல் பிரதிகள் பெரும்பாலும் குரோமோசோமுக்கு வெளியே சின்னச் சின்ன டிஎன்ஏ வளையங்களாகச் சுற்றிக்கொண்டிருக்கும். இந்த வளையங்கள் பின்னால் ஒரு கேள்வியில் மறுபடி வரும்.

கட்டி எது என்று தீர்மானிக்கத்தான் இந்த வரி முதலில் உதவுகிறது. 2021-இல் வந்த உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டின்படி, ஐடிஹெச் மரபணு மாற்றம் இல்லாத, பெரியவர்களுக்கு வரும் பரவல் வகை ஆஸ்ட்ரோசைட்டோமாவில் (நரம்புகளுக்குத் துணை நிற்கும் செல்களைப் போன்ற செல்களால் ஆன மூளைக் கட்டி) ஈஜிஎஃப்ஆர் பெருக்கம் இருந்தால், மைக்ராஸ்கோப்பில் சாதுவாகத் தெரிந்தாலும் அது கிளியோபிளாஸ்டோமாதான். கீமோவுக்குக் கேட்குமா கேட்காதா என்பதை இந்த வரி மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ரிப்போர்ட்டில் அதற்கு வேறு வரி இருக்கிறது.

வீ-த்ரீன்னு ஒண்ணு சொல்றாங்களே, அது வேற ஏற்பியா?

அதே ஏற்பிதான், நடுவில் ஒரு துண்டு இல்லாமல். மரபணுவின் 2 முதல் 7 வரையான எக்ஸான்கள் (புரதத்துக்கான குறிப்பு இருக்கும் துண்டுகள்) கழன்று போனதால், வெளிப்பகுதியில் 267 அமினோ அமிலங்கள் இல்லை. ஈஜிஎஃப் வந்து ஒட்டுவதற்கு இடமே கிடையாது. ஆனாலும் ஏற்பி அணைந்து போவதில்லை. யாரும் அழுத்தாமலே விடாமல் அடித்துக்கொண்டிருக்கும் பழுதான காலிங் பெல் போல, மெல்லிய சமிக்ஞையை ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஈஜிஎஃப்ஆர் பெருகிய கட்டிகளில் சுமார் பாதியில் இது காணப்படுகிறது.

ஆரோக்கியமான திசுவில் இது இருப்பதில்லை என்பதால் மருந்து செய்பவர்களுக்கு இதன் மேல் பெரிய ஆசை. அந்த ஆசை என்ன ஆனது என்பதையும் பின்னால் சொல்கிறேன்.

டெமோசோலோமைடு இந்த ஏற்பியைத்தான் அடிக்குதா?

இல்லை. இந்தக் குழப்பம்தான் மிக அதிகம். டெமோசோலோமைடு ஏற்பியைத் தொடுவதே இல்லை. அதன் இலக்கு டிஎன்ஏ. இங்கிலாந்தின் ஆஸ்டன் பல்கலைக்கழகத்தில் உருவான இந்த மருந்து, உடம்பின் இயல்பான காரத்தன்மையில் தானாகவே உடைந்து, டிஎன்ஏ மேல் மெத்தில் தொகுதிகளை ஒட்ட வைக்கிறது. பல இடங்களில் ஒட்டினாலும் உயிரை எடுப்பது முக்கியமாக ஓரிடம்தான்: குவானைனின் 6-ஆம் ஆக்ஸிஜன். ஒட்டும் மெத்தில்களில் பத்தில் ஒரு பங்குகூட அங்கே போவதில்லை.

அப்புறம் நடப்பதுதான் சுவாரசியம். மெத்தில் ஒட்டிய குவானைனுக்கு எதிரே, செல் பிரியும்போது சைட்டோசினுக்குப் பதில் தைமின் வந்து உட்காருகிறது. பொருத்தப் பிழையைத் திருத்தும் புரதங்கள் ஓடி வந்து தைமினை வெட்டுகின்றன, மறுபடியும் தைமினே வருகிறது, மறுபடியும் வெட்டு. இப்படி வெட்டி வெட்டி அடுத்த சுற்றில் டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் அறுந்து செல் சாகிறது. ஆக, மருந்து பலிக்க இரண்டு நிபந்தனைகள்: செல் பிரிந்துகொண்டிருக்க வேண்டும், பிழை திருத்தும் புரதங்கள் வேலை செய்ய வேண்டும். இரண்டையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எம்ஜிஎம்டி மெத்திலேஷன் டெஸ்ட் எதுக்கு? அதுவும் ஒரு ஏற்பியா?

ஏற்பி இல்லை. எம்ஜிஎம்டி ஒரு பழுது நீக்கும் புரதம். மேலே சொன்ன குவானைனிலிருந்து மெத்திலைப் பிடுங்கித் தன் மேல் ஏற்றிக்கொள்ளும். ஒரு மூலக்கூறு ஒரு மெத்திலைத்தான் எடுக்க முடியும், எடுத்ததும் அது தீர்ந்தது. செல்லிடம் எம்ஜிஎம்டி நிறைய இருந்தால் டெமோசோலோமைடு செய்ததெல்லாம் வீண்.

இந்த மரபணுவின் தொடக்கப் பகுதி மெத்திலேஷனால் பூட்டப்பட்டிருந்தால் புரதம் உருவாகாது, மருந்து பலிக்கும். முதல் கேள்வியில் சொன்ன ஆய்விலேயே 206 கட்டிகளைப் பார்த்தார்கள். 45 சதவீதத்தில் பூட்டு இருந்தது. அவர்களில் மருந்தும் ரேடியேஷனும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 21.7 மாதம், ரேடியேஷன் மட்டும் பெற்றவர்களுக்கு 15.3. பூட்டு இல்லாதவர்களுக்கு இதே ஒப்பீடு 12.7, 11.8. ரிப்போர்ட்டில் முதலில் பார்க்க வேண்டிய வரி எது என்று என்னைக் கேட்டால், கீமோவைப் பொறுத்தவரை இதுதான்.

மருந்து ஏற்பியைத் தொடவே தொடாதுன்னா, ஏற்பியால கீமோ பிடிக்காம போகும்னு ஏன் சொல்றாங்க?

மருந்து டிஎன்ஏவை உடைக்கலாம். உடைந்த பிறகு சாவதா, பிழைப்பதா என்பது செல் எடுக்கும் முடிவு. ஏற்பி கை வைப்பது அங்கேதான். ஏகேடி வழி தொடர்ந்து ஓடினால், தற்கொலையைத் தடுக்கும் புரதங்கள் செல்லுக்குள் கூடுகின்றன. 1998-இல் வெளியான ஓர் ஆய்வில், கிளியோபிளாஸ்டோமா செல்களில் வீ-த்ரீயைப் புகுத்தியதும் அவை சிஸ்பிளாட்டின் மருந்துக்குச் சாகாமல் தாக்குப்பிடித்தன. பிசிஎல்-எக்ஸ்எல் என்ற புரதம் கூடியிருந்தது. செல்லைச் சாகடிக்கும் காஸ்பேஸ் நொதி அடங்கியிருந்தது. ஏற்பியின் கைனேஸ் பகுதியை (உள்ளே பாஸ்பேட் ஏற்றும் பகுதி) அடைத்ததும் சிஸ்பிளாட்டின் மறுபடி வேலை செய்தது.

இன்னொரு வழியும் உண்டு. ரேடியேஷன் பட்டதும் ஈஜிஎஃப்ஆர் செல்லின் உட்கருவுக்குள்ளேயே போய், இரட்டை இழை முறிவுகளை ஒட்டும் டிஎன்ஏ-பிகே என்ற நொதியை முடுக்கிவிடுகிறது. சவ்வில் உட்கார்ந்திருக்க வேண்டிய புரதம் பழுது பார்க்கும் இடத்துக்கே போய் நிற்பதை முதலில் பலர் நம்பவில்லை.

சரி, அப்ப வீ-த்ரீ இருந்தா கீமோ பிரயோஜனமில்லைன்னு எடுத்துக்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே முக்கியமாக இந்தக் கேள்விக்காகத்தான். மேலே சொன்னது சிஸ்பிளாட்டின். மருந்து மாறினால் கணக்கும் மாறும்.

ஜெர்மனியின் ஹாம்பர்க் குழு ஒன்று 2020-இல் இதற்கு நேர் எதிரான முடிவை வெளியிட்டது. எம்ஜிஎம்டி பூட்டப்பட்ட கட்டிகளில் வீ-த்ரீ இருந்தால் டெமோசோலோமைடு இன்னும் நன்றாக வேலை செய்கிறது என்பது அவர்கள் கண்டது. காரணம், வீ-த்ரீ பிழை திருத்தும் புரதங்களை அதிகமாக உற்பத்தி செய்ய வைக்கிறது. டெமோசோலோமைடு பலிக்க அந்தப் புரதங்களின் வீண் வெட்டுகள் தேவை என்று பார்த்தோமே, அதுதான் இங்கே செல்லுக்கே வினையாகிறது.

ஆக, "இந்த ஏற்பி இருந்தால் கீமோ கேட்காது" என்று ஒரே வரியில் எழுதியிருந்தால் நம்பாதீர்கள். எந்த மருந்து, எம்ஜிஎம்டி நிலை என்ன, பிழை திருத்தும் புரதங்கள் சரியாக இருக்கின்றனவா என்ற மூன்றும் தெரியாமல் ஏற்பியை மட்டும் வைத்துப் பேசுவது அரைகுறை.

நுரையீரல் கேன்சருக்கு ஈஜிஎஃப்ஆர் மாத்திரை குடுக்கிறாங்க. எங்க அப்பாவுக்கும் அதையே குடுக்கலாமே?

நியாயமான கேள்வி. ஜெஃபிட்டினிப், எர்லோட்டினிப் என்ற அந்த ஈஜிஎஃப்ஆர் மாத்திரைகள் இரண்டையும் கிளியோபிளாஸ்டோமாவில் முயன்று பார்த்தாயிற்று; எதிர்பார்த்த பலன் இல்லை. நுரையீரலில் மாற்றம் ஏற்பியின் உள்பகுதியில், கைனேஸில் இருக்கிறது. இந்த மாத்திரைகள் அந்த வடிவத்தில் நன்றாகப் பொருந்துகின்றன. மூளைக் கட்டியில் மாற்றங்கள் வெளிப்பகுதியில். வெளியே வடிவம் மாறினால் உள்ளே இருக்கும் குழியின் நிலையும் மாறும், மாத்திரை அவ்வளவு இறுக்கமாக உட்காராது.

அடுத்தது ரத்த–மூளைத் தடுப்பு. அங்கிருக்கும் பம்புகள் இந்த மாத்திரைகளில் பலவற்றைத் திருப்பி வெளியே தள்ளிவிடும். மூன்றாவது பிடென். ஏகேடி வழிக்குத் தடை போடும் இந்தப் புரதம் பல கிளியோபிளாஸ்டோமாக்களில் தொலைந்து போயிருக்கும். அப்போது மேலே ஏற்பியை அடைத்தாலும் கீழே வழி திறந்தேதான் இருக்கும். வீ-த்ரீயும் பிடென்னும் சேர்ந்து இருந்த கட்டிகள்தான் இந்த மாத்திரைகளுக்கு ஓரளவு அசைந்தன என்று 2005-இலேயே ஓர் ஆய்வு சொன்னது.

மறுபடி பயாப்சி எடுத்ததில வீ-த்ரீ காணோம். மருந்து ஜெயிச்சிடுச்சா?

துரதிருஷ்டவசமாக அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. மூன்றாவது கேள்வியில் சொன்ன டிஎன்ஏ வளையங்களை நினைத்துப் பாருங்கள். செல் பிரியும்போது அவை சமமாகப் பங்கிடப்படுவதில்லை; ஒரு செல்லுக்கு நிறைய, இன்னொன்றுக்குக் கொஞ்சம். எர்லோட்டினிப் கொடுத்தால் வளையம் குறைவான செல்கள் தப்பிக்கின்றன. மருந்தை நிறுத்தினால் வளையங்கள் மறுபடி கூடிவிடுகின்றன. 2014-இல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள்.

வீ-த்ரீக்கு எதிரான ரிண்டோபெபிமுட் என்ற தடுப்பூசி மூன்றாம் கட்ட ஆய்வில் ஆயுளைக் கூட்டவில்லை. முடிவு 2017-இல் வெளியானது. அதில் உறைத்த விஷயம் வேறு: மறுபடி பரிசோதித்தவர்களில், தடுப்பூசி பெறாதவர்களிலும் பாதிக்கும் மேற்பட்டோருக்கு வீ-த்ரீ தானாகவே காணாமல் போயிருந்தது. அது மறைந்ததை மருந்தின் வெற்றியாக எண்ணினால் ஏமாந்துவிடுவோம்.

ஈஜிஎஃப்ஆர் மட்டும்தானா? வேற ஏற்பி எதுவும் இல்லையா?

பிடிஜிஎஃப்ஆர்-ஆல்ஃபா, மெட், ஐஜிஎஃப்-1ஆர் என்று வரிசையாக இருக்கின்றன. ஒன்றை அடைத்தால் இன்னொன்று அதே ஏகேடி வழிக்குத் தீனி போடும். 2007-இல் வந்த ஆய்வு, ஒரே செல்லில் பல ஏற்பிகள் ஒரே நேரத்தில் விழித்திருப்பதைக் காட்டியது. பிறகு, ஒரே கட்டிக்குள் பக்கத்துப் பக்கத்துச் செல்களில் ஒன்றில் ஈஜிஎஃப்ஆர், அடுத்ததில் பிடிஜிஎஃப்ஆர், இன்னொன்றில் மெட் பெருகியிருப்பதும் தெரிந்தது.

விதிவிலக்குகள் உண்டு. என்டிஆர்கே இணைவு (ஓர் ஏற்பியின் மரபணு வேறொரு மரபணுவோடு ஒட்டிக்கொண்ட மாற்றம்) இருக்கும் கட்டிகளுக்கு லாரோட்ரெக்டினிப் என்ற மருந்துக்கு 2018-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பெரியவர்களின் கிளியோபிளாஸ்டோமாவில் இது அபூர்வம்.

அவாஸ்டினும் ஏற்பி மருந்துதானே?

அவாஸ்டின் என்பது பெவாசிசுமாப் மருந்தின் வணிகப் பெயர். அது ஏற்பியைப் பிடிப்பதில்லை. ரத்தக் குழாய்களை வளரச் சொல்லும் விஈஜிஎஃப் என்ற காரணியை வழியிலேயே பிடித்துவிடுகிறது. அடி விழுவது ரத்தக் குழாய்க்கு. வீக்கம் குறையும், ஸ்கேன் பளிச்சென்று மாறும், ஸ்டீராய்டு தேவை குறையும். 2014-இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளிலும் நோய் முற்றுவது தள்ளிப்போனது, ஆயுள் கூடவில்லை.

எம்டிடி டெஸ்ட்ல 72 மணி நேரம் கழிச்சும் செல் சாகலை. ரெசிஸ்டன்ட்டுன்னு எழுதலாமா?

இது மாணவர்களின் கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எம்டிடி சோதனையில் மஞ்சள் கரைசலை உயிருள்ள செல்கள் ஊதாப் படிகமாக மாற்றும். அது அளப்பது வளர்சிதை மாற்றத்தை, சாவை அல்ல. டெமோசோலோமைடு இரண்டாவது செல் சுழற்சியில்தான் கொல்கிறது என்று மேலே பார்த்தோம். 72 மணி நேரத்தில் பல செல்கள் நின்று போயிருக்கும், செத்திருக்காது. தட்டு ஊதாவாகவே இருக்கும். காலனி உருவாக்கச் சோதனை (தனிச் செல்கள் பெருகிக் கூட்டமாகின்றனவா என்று எண்ணுவது) செய்து பாருங்கள். நாள் பிடிக்கும், ஆனால் நம்பலாம்.

செறிவையும் கவனியுங்கள். நோயாளியின் ரத்தத்தில் மருந்தின் உச்சம் 50 மைக்ரோமோலார் அளவில்தான் இருக்கும். மூளைத் தண்டுவட நீரில் அதில் ஐந்தில் ஒரு பங்கு. தட்டில் 500 மைக்ரோமோலார் ஊற்றிவிட்டு "செல் செத்தது" என்று எழுதுவதில் அர்த்தம் குறைவு. மருந்தை நீரிலோ பஃபரிலோ கரைத்து வைத்து மறுநாள் எடுத்தால் மருந்தே இருக்காது. 37 டிகிரியில் சுமார் 2 மணி நேரத்தில் பாதி உடைந்துவிடும். டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து உறைய வையுங்கள்.

ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் கிளியோபிளாஸ்டோமா செல் வகைகளில் யு87 செல்லில் எம்ஜிஎம்டி இல்லை, டி98ஜி செல்லில் உண்டு. இரண்டையும் ஒப்பிட்டு வித்தியாசத்துக்கு ஏற்பியைக் காரணம் காட்டுவது பெரிய தவறு. போதாக்குறைக்கு, ஆய்வுக்கூடங்களில் புழங்கும் யு87, 1960-களில் ஸ்வீடனின் உப்சாலாவில் எடுத்த மூல நோயாளியின் செல்லே அல்ல என்று 2016-இல் மரபணுச் சோதனை காட்டியது. சீரம் ஊற்றி வளர்த்தால் ஈஜிஎஃப்ஆர் பெருக்கமும் செல்களிலிருந்து போய்விடும். ஏற்பியைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருப்போம், தட்டில் ஏற்பியே இருக்காது.

ஏற்பி அடைப்பானையும் டெமோசோலோமைடையும் சேர்த்துக் குடுத்தா ரெட்டைப் பலன்தானே?

எப்போதும் இல்லை. ஈஜிஎஃப்ஆர் அடைப்பான் செல் சுழற்சியையே நிறுத்தலாம். டெமோசோலோமைடு பலிக்கச் செல் பிரிய வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுத்தால் ஒன்று இன்னொன்றின் காலை வாரலாம். எது முதலில், எது அப்புறம் என்பதைச் சோதித்துப் பார்க்காத கூட்டு மருந்து ஆய்வைப் படிக்கும்போது எனக்குச் சந்தேகம் வரும்.

ஈஜிஎஃப்ஆரைக் கண்டுபிடித்து நஞ்சை உள்ளே இறக்கும் டெபாட்டக்சிசுமாப் மஃபோடோட்டின் என்ற மருந்தை, ஈஜிஎஃப்ஆர் பெருகிய 639 பேரிடம் ரேடியேஷன், டெமோசோலோமைடோடு சேர்த்துச் சோதித்தார்கள். ஆயுள் கூடவில்லை, கண்ணின் கருவிழிப் படலம்தான் பலருக்குப் பாதித்தது.

கார்-டி செல் சிகிச்சையில கட்டி ஒரு வாரத்தில கரைஞ்சுதாமே?

கார்-டி என்பது நோயாளியின் நோய் எதிர்ப்பு டி செல்களைக் கட்டியைத் தாக்கும்படி மாற்றிச் செலுத்தும் சிகிச்சை. நீங்கள் சொல்வது 2024 மார்ச்சில் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் இருந்து வந்த செய்தி. வீ-த்ரீயைத் தாக்கும் டி செல்கள், சாதாரண ஈஜிஎஃப்ஆரையும் பிடிக்கும் ஒரு புரதத்தைச் சுரக்குமாறு மாற்றியிருந்தார்கள். வீ-த்ரீ மறைந்து தப்பிக்கும் ஓட்டையை அடைக்கத்தான் அந்த ஏற்பாடு. ஸ்கேனில் கட்டி நாட்களுக்குள் சுருங்கியது உண்மை. மொத்தம் மூன்று நோயாளிகள் என்பதும், அவர்களில் இருவருக்கு நோய் விரைவிலேயே திரும்பியது என்பதும் உண்மை.

எங்க அம்மாவுக்கு எம்ஜிஎம்டி அன்மெத்திலேட்டட், ஈஜிஎஃப்ஆரும் ஆம்ப்ளிஃபைடு. அப்ப கீமோ வேண்டாம்னு சொல்லிடலாமா?

ஈஜிஎஃப்ஆர் வரியை இந்த முடிவிலிருந்து எடுத்துவிடுங்கள். ஏன் என்பது மேலே இருக்கிறது. மிச்சம் எம்ஜிஎம்டி; அன்மெத்திலேட்டட் என்றால் பூட்டு இல்லை என்று அர்த்தம். அம்மாவின் வயதும் உடல்நிலையும் நன்றாக இருந்தால், பூட்டு இல்லாவிட்டாலும் பல மருத்துவர்கள் ரேடியேஷனோடு டெமோசோலோமைடைக் கொடுக்கவே செய்வார்கள். பலன் சிறியதாக இருந்தாலும் அதைவிட மேலான மாற்று கைவசம் இல்லை. பரிசோதனையில் இரண்டுங்கெட்டானாக வரும் முடிவுகளும் உண்டு.

வயது எழுபதை ஒட்டி இருந்து உடம்பும் தளர்ந்திருந்தால் கணக்கு வேறு. 2012-இல் வெளியான இரண்டு ஐரோப்பிய ஆய்வுகள் முதியவர்களிடம் ரேடியேஷனையும் டெமோசோலோமைடையும் தனித்தனியே ஒப்பிட்டன. பூட்டு இருந்தவர்களுக்கு மாத்திரை நன்றாக உதவியது. இல்லாதவர்களுக்கு ரேடியேஷன்தான் பொருத்தமாக இருந்தது. எனவே மருத்துவரிடம் "கீமோ வேண்டுமா" என்று பொதுவாகக் கேட்காமல், "அம்மாவின் வயதுக்கும் இந்த எம்ஜிஎம்டி முடிவுக்கும் குறுகிய கால ரேடியேஷன் மட்டும் போதுமா, இரண்டும் வேண்டுமா" என்று கேளுங்கள். ரத்தத் தட்டணு எண்ணிக்கையையும், ஸ்டீராய்டு எவ்வளவு எடுக்கிறார் என்பதையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.